சேப்பல் ஹில்லா, கேரியா: பெண்கள் கால்பந்து பார்க்க எங்கே போவது?

ஜூலை கடைசி வாரம் வந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். நாங்கள் இருப்பது வட கரோலினாவின் கேரி ஊரில். மகளுக்குப் பதினொரு வயது, சாக்கர் என்றால் சாப்பாடு வேண்டாம். (கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர், ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.) ஆகஸ்ட் பாதியில் கல்லூரி சீசன் தொடங்கும். மார்ச்சில் தொடங்கிய தொழில்முறை லீக் அதற்குள் பாதியைத் தாண்டியிருக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பாட்டு வகுப்பு, அவளுடைய சொந்த மேட்ச், கோயில், சமையல் எல்லாம் போக எங்களுக்கு வாரத்தில் மிஞ்சுவது ஒரு சாயங்காலம். மேற்கே அரை மணி நேரம் ஓட்டிப் போய் சேப்பல் ஹில்லில் யு.என்.சி. எனப்படும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் அணியைப் பார்ப்பதா, ஊருக்குள்ளேயே வேக்மெட் மைதானத்தில் நார்த் கரோலினா கரேஜ் என்ற தொழில்முறை அணியைப் பார்ப்பதா?

நான்கு வருடமாக இரண்டு இடத்துக்கும் போய் வருகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு மட்டும் சீசன் டிக்கெட் எடுக்க முடியும் என்றால் கரேஜுக்கு எடுங்கள். கல்லூரி ஆட்டத்தின் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனாலும் கரேஜ் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டு என்றால் பொதுவாகக் கல்லூரிக்குத்தான் கூட்டம். கூடைப்பந்தில் 2024ஆம் ஆண்டு கல்லூரி இறுதியாட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த வருடம் ஆண்கள் இறுதியாட்டத்தைவிட அது அதிகம். கைப்பந்தில் 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணி தன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஆடியபோது வந்தவர்கள் 92,003 பேர். பழைய மாணவர்கள், ஊர்ப் பாசம், தாத்தா காலத்திலிருந்து வரும் நிறம் எல்லாம் கல்லூரிப் பக்கம்தான்.

கால்பந்தில் மட்டும் இது தலைகீழ். கரேஜ் இப்போது ஆடும் தொழில்முறை லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல். 2013ல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது ஒரு மேட்சுக்குச் சராசரியாக வந்தவர்கள் 4,270 பேர். 2024ல் அது 11,000த்தைத் தாண்டியது, மொத்தக் கூட்டம் முதன்முறையாக 20 லட்சத்தைக் கடந்தது. 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பால் மைதானத்தில் பே எஃப்.சி.யும் வாஷிங்டன் ஸ்பிரிட்டும் ஆடியபோது 40,091 பேர் வந்தார்கள். தொலைக்காட்சி ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 24 கோடி டாலர். கல்லூரிப் பக்கம் பார்த்தால், 22 முறை என்.சி.ஏ.ஏ. பட்டம் (தேசியக் கல்லூரிப் பட்டம்) வென்ற யு.என்.சி.யின் மைதானத்திலேயே 4,200 பேர்தான் கொள்ளும். சாதாரண வியாழக்கிழமை இரவில் அதுவும் நிறைந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகமான ட்யூக் வந்தால் கதை வேறு.

இந்த இடைவெளி ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

முதல் காரணம் நாட்காட்டி. கல்லூரி சீசன் ஆகஸ்ட் பாதியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அதற்குள் எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும் என்பதால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம், பெரும்பாலும் வியாழனும் ஞாயிறும். ஒரு பெயர் மனதில் பதிவதற்குள் அக்டோபர் வந்துவிடும். அதே மூன்று மாதமும் அமெரிக்கன் ஃபுட்பால் சீசன், அதன் முன்னால் வேறு எந்த விளையாட்டுக்கும் செய்தித்தாளில் இடம் கிடைப்பது கஷ்டம். கூடைப்பந்துக்கு மார்ச் மாதம் முழுவதும் இருக்கிறது, நாடே அட்டவணையை வைத்துக்கொண்டு உட்காரும். சாக்கருக்கு அப்படி ஒரு மாதம் வாய்க்கவில்லை.

இரண்டாவது, பெரிய பெயர்கள் கல்லூரியில் தங்குவதில்லை. கரேஜ் வருவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 2012ல் லிண்ட்சே ஹொரான் யு.என்.சி. கொடுத்த இடத்தை வேண்டாம் என்று விட்டு நேராகப் பாரிஸ் போய் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அன்று அது பெரிய செய்தி. இன்று அது வழக்கமாகிவிட்டது. ட்ரினிட்டி ராட்மன் கல்லூரிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2021ல் லீக்குக்கு வந்தார். அலிசா தாம்சன் 2023 டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், பள்ளியிலிருந்தே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2024 ஆகஸ்டில் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில் டிராஃப்டையே எடுத்துவிட்டார்கள். விளையாட்டுப் பெண்களுக்கு அது நல்லது, எங்கே ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். ஆனால் என்னைப்போலக் கல்லூரி ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒரு இழப்பும் உண்டு. நாலு வருடம் பார்த்த பெண் ஜனவரியில் எந்த ஊருக்குப் போகப் போகிறாள் என்று காத்திருந்து பார்த்த அந்த ஒரு நாள் போய்விட்டது.

மூன்றாவது காரணம் விதிகள். இதை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் என் அப்பா. தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு ஐந்து மாதம் இருந்தார், பள்ளிக்கூட நாளில் கோல்கீப்பராக இருந்தவர். சேப்பல் ஹில்லுக்கு அழைத்துப் போனோம். இரண்டாம் பாதியில் திரும்பி என்னிடம், "ஏம்மா, அந்தப் பத்தாம் நம்பர் பொண்ணு இப்பத்தானே வெளியே போச்சு, மறுபடி உள்ளே வந்துருச்சே?" என்றார். கல்லூரி விதிப்படி அது சரிதான். முதல் பாதியில் வெளியே வந்தவர் இரண்டாம் பாதியில் இறங்கலாம், இரண்டாம் பாதியில் வெளியே வந்தவரும் ஒரு முறை திரும்பலாம். அதனால் பயிற்சியாளர் நாலைந்து பேரை மொத்தமாக மாற்றிக்கொண்டே இருப்பார். எல்லோரும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பார்கள், பந்தைப் பறிக்கத் துரத்துவார்கள், ஆட்டம் ஒரே ஓட்டமாக இருக்கும். தொழில்முறை லீக்கில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள், வெளியே போனால் போனதுதான். எழுபதாவது நிமிடத்தில் களைத்துப்போன ஒரு வீராங்கனை எங்கே நடப்பது, எங்கே ஓடுவது என்று யோசித்து ஆடுவதை அங்கேதான் பார்க்க முடியும். அப்பாவுக்கு அது பிடித்தது. "இதுதான் மூளையால ஆடுற ஆட்டம்" என்று அவர் சொன்னது வேக்மெட்டில்.

ஆனால் கல்லூரிக் கடிகாரம் எனக்கு உயிர். 45 நிமிடத்திலிருந்து கீழே இறங்கி வரும், சைபர் ஆனால் ஹாரன் அடிக்கும், முடிந்தது. கடைசிப் பத்து விநாடியைக் கூட்டமே சேர்ந்து எண்ணும். 2022 டிசம்பரில் வேக்மெட்டில் நடந்த கல்லூரி இறுதியாட்டத்தில் யு.என்.சி. 2-0 என்று முன்னால் இருந்தது. எதிரணியான யு.சி.எல்.ஏ. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. கடிகாரத்தில் 16 விநாடி மிச்சமிருக்கும்போது இரண்டாவதையும் போட்டது. கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்துவிட்டது. நடுவர் கையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தெரியாத ஆட்டத்தில் 16 விநாடி என்ற எண்ணுக்கு அந்தக் கனம் கிடையாது.

சரி, கல்லூரியில் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். சேப்பல் ஹில்லைப் பொறுத்தவரை முதலில் வரலாறு. கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1972ல் வந்தது, இங்கே எல்லோரும் டைட்டில் நைன் என்பார்கள். ஃபுட்பால் அணியில் அத்தனை ஆண்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் கல்லூரி பெண்களுக்கும் இடம் காட்டியாக வேண்டும். நிறையப் பேரை ஆடவைக்கக்கூடிய, அதிகச் செலவில்லாத விளையாட்டாகச் சாக்கர் கண்ணில் பட்டது. யு.என்.சி. 1979ல் அணி தொடங்கியது, அன்சன் டோரன்ஸ் பயிற்சியாளர். 1982ல் என்.சி.ஏ.ஏ. முதல் பெண்கள் போட்டியை நடத்தியபோது ஆடியவை 12 அணிகள், வென்றது யு.என்.சி. 1986 முதல் 1994 வரை ஒன்பது வருடம் தொடர்ந்து பட்டம். மியா ஹாம், கிரிஸ்டின் லில்லி எல்லாம் அந்தக் காலத்து மாணவிகள். 1991ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் டோரன்ஸ்தான் பயிற்சியாளர். 2022ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் லூசி பிரோன்ஸ், அலெசியா ரூசோ, லாட்டா வூபன்-மோய் மூவரும் சேப்பல் ஹில்லில் படித்தவர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன மைதானத்திலிருந்து உலகத்துக்குப் போன பெயர்கள் இவை.

டோரன்ஸ் 2024 ஆகஸ்டில், சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு ஓய்வை அறிவித்தார். பலர் சோர்ந்துபோனோம். அந்த டிசம்பரிலேயே அணி இருபத்திரண்டாவது பட்டத்தை வென்றது, இதே வேக்மெட்டில், வேக் ஃபாரஸ்டை 1-0 என்று. அந்த வருடம் கடைசி நாலுக்கு வந்த அணிகளில் மூன்று வட கரோலினாவைச் சேர்ந்தவை: யு.என்.சி., ட்யூக், வேக் ஃபாரஸ்ட். ஒரு மாநிலத்தில், காரில் போய்வரும் தூரத்தில், இப்படி மூன்று அணிகள் கிடைப்பதை இங்கே வசிக்கும் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்தது பக்கத்தில் இருந்து பார்ப்பது. கல்லூரி மைதானத்தில் வீராங்கனைகள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவது காதில் விழும். பயிற்சியாளர் என்ன திட்டுகிறார் என்பதும் கேட்கும். என் மகள் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரி. அவளுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லியும் ஏறாத ஒன்று, பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. ஒரு நாள் கோட்டுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்து, ஒரு கல்லூரிப் பெண் அதை ஒவ்வொரு முறையும் செய்வதைப் பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவளும் செய்கிறாள். வேக்மெட்டில் நல்ல இடம் எடுத்தாலும் அந்த நெருக்கம் கிடைக்காது. டிக்கெட் விலையிலும் கல்லூரி எப்போதும் குறைவு. நாலு பேர் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அப்படியென்றால் ஏன் கரேஜ்? ஆட்டத்தின் தரம் ஒரு காரணம், அதைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடலாம். கல்லூரியில் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுப் பெண்கள், அதில் மிகச் சிலரே தொழில்முறைக்குப் போவார்கள். லீக்கில் ஆடுபவர்கள் அந்த வடிகட்டலைத் தாண்டியவர்கள், கூடவே ஜப்பான், பிரேசில், அயர்லாந்து என்று பல தேசிய அணிகளில் ஆடுபவர்கள். 2023ல் பத்தொன்பது வயதில் கேரிக்கு வந்த மனாகா மட்சுகுபோ பந்தை முதல் தொடலிலேயே வைக்கும் இடத்தைப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

என்னை உண்மையில் முடிவெடுக்க வைத்தது வேறு. இந்த ஊரில் இதற்கு முன்பும் ஒரு தொழில்முறை அணி இருந்தது. 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் பார்த்தார்கள். அந்த உற்சாகத்தில் 2001ல் டபிள்யூ.யு.எஸ்.ஏ. என்ற லீக் பிறந்தது. அதில் ஒரு அணி கரோலினா கரேஜ். முதல் வருடம் சேப்பல் ஹில் கல்லூரி மைதானத்திலேயே ஆடியது, அடுத்த வருடம் கேரியில் இன்று வேக்மெட் என்று நாம் சொல்லும் மைதானத்துக்கு வந்தது, அந்த வருடமே, 2002ல், பட்டமும் வென்றது. 2003 செப்டம்பர் 15ஆம் தேதி லீக் மூடப்பட்டது. அடுத்த உலகக் கோப்பைக்கு ஐந்து நாள்தான் இருந்தது, அதுவும் அமெரிக்காவிலேயே. பட்டம் வென்ற அணிக்குக்கூட மறு வருடம் ஆட இடமில்லை. பிறகு 2009ல் இன்னொரு லீக் வந்தது, மூன்று சீசன் ஆடியது, அதுவும் போயிற்று. இப்போது இருப்பது மூன்றாவது முயற்சி.

அந்த வருடங்களில் யு.என்.சி. என்ன செய்துகொண்டிருந்தது? ஆடிக்கொண்டிருந்தது. 2003ல் லீக் செத்த அதே இலையுதிர் காலத்தில் கல்லூரிப் பட்டத்தை வென்றது. நான் கவனித்த பெரிய வித்தியாசம் இதுதான். கல்லூரி அணிக்கு டிக்கெட் பணம் உயிர்மூச்சு கிடையாது. சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆயிரம் பேர் வந்தாலும் முந்நூறு பேர் வந்தாலும் வியாழன் இரவு விளக்கு எரியும். தொழில்முறை அணியின் விளக்கு நம்மைப் போன்றவர்கள் வந்தால்தான் எரியும். ஒரு இருக்கையில் நான் உட்காருவதால் ஏதாவது மாறும் என்றால் அது கேரியில்தான் மாறும்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு தீர்வுக்குப் பிறகு கல்லூரிகள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. சாக்கர் போல வருமானம் தராத விளையாட்டுகளின் தலையில் இது எப்படி விடியும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. கல்லூரி அணி என்றென்றும் பத்திரம் என்று இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். இருந்தாலும் யு.என்.சி. போன்ற ஒரு இடத்தில், பெண்கள் சாக்கர் என்றாலே அந்தப் பெயர் வரும் இடத்தில், அந்த ஆபத்து கடைசியாகத்தான் வரும் என்று நம்புகிறேன்.

இப்போதுள்ள கரேஜ் 2017ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த அணி, பழைய பெயரைச் சூடிக்கொண்டது. வந்த வேகத்தில் 2018, 2019 இரண்டு வருடமும் பட்டம். 2019 அக்டோபர் 27 அன்று இறுதியாட்டம் கேரியிலேயே நடந்தது, 10,227 பேர். சிகாகோவை 4-0 என்று அடித்தார்கள். நாலு கோலில் ஒன்று ஜெசிகா மெக்டொனால்ட், ஒன்று கிரிஸ்டல் டன். இருவரும் சேப்பல் ஹில் மாணவிகள். ஹெதர் ஓ'ரெய்லிக்கு இந்த லீக்கில் அதுதான் கடைசி ஆட்டம், அவரும் சேப்பல் ஹில்தான். டர்ஹமில் வளர்ந்து, யு.என்.சி.யில் படித்து, பிறகு கரேஜுக்கு ஆட வந்த பிரியானா பின்டோவைப் பார்க்கும்போதும் எனக்கு அதே எண்ணம் வரும். நாம் இரண்டு கடையாக நினைப்பது அவர்களுக்கு ஒரே சாலை, இரண்டு ஊரையும் இணைக்கும் ஐ-40 நெடுஞ்சாலை.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மையாக இருக்காது. 2021 செப்டம்பர் கடைசியில் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் பல வருடம் முன்பு ஒரு பயிற்சியாளரால் தங்களுக்கு நடந்த பாலியல் அத்துமீறலை வெளியே சொன்னார்கள், அன்று கரேஜின் பயிற்சியாளராக இருந்த அவர் அதே நாளில் நீக்கப்பட்டார், அந்த வார இறுதி ஆட்டங்கள் எல்லாம் ரத்தாயின. அக்டோபர் 6ஆம் தேதி லீக் மறுபடி ஆடியபோது ஆறாவது நிமிடத்தில் எல்லா மைதானங்களிலும் ஆட்டத்தை நிறுத்தி, இரு அணிகளும் நடுவட்டத்தில் கைகோத்து நின்றார்கள். கேரியிலும் நின்றார்கள். பெண்களின் பேச்சு கேட்கப்படாமல் போன வருடங்களுக்காக. மகளை அழைத்துப் போகும் ஒரு அம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் வந்த மாற்றங்களையும் பார்த்தேன்: வீராங்கனைகள் சங்கம் போட்ட சம்பள ஒப்பந்தம், டிராஃப்ட் ஒழிப்பு. 2013ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். 2025ல் 48,500. இது நம் டிக்கெட் பணமும் சேர்ந்து வந்த சம்பளம் என்பதால்தான் நான் இன்னும் போகிறேன்.

உங்கள் வீட்டுக்கு எது என்று கேட்டால், பிள்ளையின் வயதைப் பார்த்துச் சொல்வேன். ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் சீசன் டிக்கெட்டே வேண்டாம். செப்டம்பரில் மூன்று கல்லூரி ஆட்டம் போதும், ஞாயிறு மதியம் பாருங்கள், வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுக்கு மேல், கல்லூரியில் ஆடும் ஆசை இருக்கிறது என்றால், அவளுக்குக் கல்லூரி ஆட்டம் பாடப்புத்தகம் மாதிரி. சேப்பல் ஹில் மட்டும் போதாது, டர்ஹமில் ட்யூக்கையும் ராலியில் என்.சி. ஸ்டேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஒரு அணிக்கு 28 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது, எந்த இடத்துக்கு யார் ஆடுகிறார்கள், பெஞ்சில் எத்தனை பேர் என்று நேரில் பார்த்தால் நிலைமை புரியும். நடுவில் இருக்கும் வயதுக்கு, எட்டிலிருந்து பதினாலு வரைக்கும், கரேஜ். அந்த வயதில் ஒரே அணியை மார்ச்சிலிருந்து நவம்பர் வரை, தோல்வியோடும் காயத்தோடும் தொடர்ந்து பார்க்க வேண்டும். 2026ல் பாஸ்டனும் டென்வரும் சேர்ந்து 16 அணிகள், அணிக்கு 30 ஆட்டம், அதில் பாதி உள்ளூரில். கல்லூரி சீசனில் ஒரு வீராங்கனை காயப்பட்டுத் திரும்புவதற்குள் சீசனே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் கரேஜ் சீசன் டிக்கெட் இரண்டு எடுத்திருக்கிறோம், கோல் கம்பத்துக்குப் பின்னால், விலை குறைந்த பக்கம். நானும் மகளும். யு.என்.சி.க்கு முன்கூட்டி எதுவும் வாங்குவதில்லை. மழை இல்லாத வியாழக்கிழமை, வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது என்று அவள் சத்தியம் செய்தால், தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம். ட்யூக் வரும் ஆட்டத்துக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.